மாதச் சந்தா நூற்றைம்பது கோடி: மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

"தம்பி, இந்தப் பய யாருக்கோ மாசாமாசம் நூத்தம்பது கோடி கட்டணுங்கிறான். இன்னும் பன்னெண்டு கோடி கொறையுதாம். என்ன ஏதுன்னு நீதான் கேக்கணும்."

2018 பொங்கல் முடிந்த வாரம் என் அக்காவின் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னது இது. பேரன் கைபேசியில் யாருடனோ பேசியதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, கந்துவட்டி, சீட்டாட்டம், இன்னும் என்னென்னவோ நினைத்து இரண்டு நாளாகத் தூங்கவில்லை. எனக்கு அரிசி ஆலைக்கும் உரக்கடைக்கும் கணக்கு எழுதுவது தொழில். பணம் சம்பந்தப்பட்ட எந்தப் பயமும் அந்தக் குடும்பத்தில் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும்.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு இருநூறு பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தான். "அது கேம் காசு மாமா. கேமுக்கு மாசச் சந்தா உண்டு. நான் அதை கேம் காசாலயே கட்டிடறேன். கைக்காசு ஒரு பைசா கெடையாது" என்றான். நோட்டைப் புரட்டினேன். வரவு, செலவு, மணி நேரம் எல்லாம் தேதி வாரியாக இருந்தது. என்னிடம் வரும் பல கடைக்காரர்கள் இவ்வளவு ஒழுங்காக எழுதுவதில்லை.

"கைக்காசு ஒரு பைசா இல்லை" என்ற அந்த வாக்கியத்தைச் சோதிக்கத்தான் இந்த ஆய்வு. 2017 ஜூன் முதல் 2020 ஜூன் வரை மூன்று வருட நோட்டு. அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றான். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பைத் தாண்டி மன்னார்குடி போகிற வழியில் ஒரு கிராமம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பி.காம் முடித்தவன், அப்போது வயது இருபத்து மூன்று. குடும்பத்துக்கு ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். தஞ்சாவூரில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று, கைபேசி ஹாட்ஸ்பாட்.

விளையாட்டும் பிளெக்ஸும்

விளையாட்டின் பெயர் ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தில் ரெய்க்யவிக் நகரத்து சிசிபி என்ற நிறுவனம் 2003 மே மாதம் தொடங்கியது. விண்வெளிக் கப்பல்கள், சுரங்கம், வியாபாரம், சண்டை. உள்ளே புழங்கும் காசின் பெயர் ஐஎஸ்கே. ஐஸ்லாந்து நாட்டு நிஜப் பணத்துக்கும் உலக வங்கிகள் வைத்திருக்கும் சுருக்கெழுத்து அதேதான். வேண்டுமென்றே வைத்த குறும்பு. சந்தை பெரிதாகப் பெரிதாக, அதைக் கவனிக்கவென்றே 2007இல் ஏயோல்ஃபர் குட்முண்ட்சன் என்ற பொருளாதாரப் பேராசிரியரை வேலைக்கு எடுத்தார்கள். இதைக் கேட்டபோதுதான் எனக்கு இந்த விளையாட்டின் மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆட இரண்டு நிலைகள். 2016 நவம்பரில் வந்த ஆல்ஃபா இலவசம். ஆனால் தொடக்கத்தில் சின்னக் கப்பல்கள்தான், கற்கும் திறன்களுக்கும் வரம்பு உண்டு. சந்தா கட்டினால் ஒமேகா. பெரிய கப்பல்கள் திறக்கும், திறன்களும் வேகமாக ஏறும், கிரகங்களில் பண்ணை போலத் தொழிற்சாலைகள் வைக்கலாம். அப்போது மாதச் சந்தா 14.99 டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். 2018–19 பருவத்தில் சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 1,750. அப்படியென்றால் மாதச் சந்தா 57 கிலோ நெல். மூட்டைக்கு மூன்று கிலோதான் குறைவு.

பையனிடம் ஆயிரம் ரூபாய் இருந்தாலும் கட்ட முடியாது என்பது இன்னொரு சங்கதி. அவனுடைய வங்கி அட்டை வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பாது. கைக்காசு செலவழிக்காதது கொள்கையால் இல்லை, வழியே இல்லாததால் என்பதை நோட்டைப் பாதி படித்த பிறகுதான் புரிந்துகொண்டேன். நகரத்தில் இருப்பவர்கள் இதை ஒரு சிக்கன உத்தியாகப் பார்ப்பார்கள். இவனுக்கு அது ஒன்றுதான் வாசல்.

அந்த வாசலின் பெயர் பிளெக்ஸ். 2008இல் வந்தது. அதற்கு முன் ஆட்டக்காரர்கள் நேர அட்டைகளின் எண்ணை ஒருவருக்கொருவர் ஐஎஸ்கேக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் அதை விளையாட்டுக்குள்ளேயே ஒரு சரக்காக மாற்றிவிட்டது. டாலர் கொடுத்து பிளெக்ஸ் வாங்கலாம். அதை உள்ளே சந்தையில் ஐஎஸ்கேக்கு விற்கலாம். ஐஎஸ்கே கொடுத்து வாங்கியவர் அதைச் சந்தாவாக மாற்றிக்கொள்ளலாம். முதலில் ஒரு பிளெக்ஸ் என்றால் முப்பது நாள். 2017 மே மாதம் ஒன்றை 500 துண்டாக்கினார்கள், அதிலிருந்து முப்பது நாளுக்கு 500 பிளெக்ஸ். நம் பையன் நுழைந்தது அதற்கு அடுத்த மாதம். அவன் வாங்கத் தொடங்கியபோது ஒரு பிளெக்ஸ் 30 லட்சம் ஐஎஸ்கேயை ஒட்டி இருந்தது. 500 பெருக்கல் 30 லட்சம், நூற்றைம்பது கோடி. அப்பாயி, அதாவது அவன் பாட்டி, பயந்த தொகை இதுதான்.

விலையை நிறுவனம் வைப்பதில்லை. அப்போது ஜிட்டா என்ற நட்சத்திர மண்டலத்தில் இருந்த பெரிய சந்தையில் வாங்குகிறவர் ஒரு விலை கேட்பார், விற்கிறவர் ஒரு விலை சொல்வார், எங்கே சந்திக்கிறதோ அதுதான் விலை. தரகும் வரியும் தனி. எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவது மட்டும்தான் இல்லை.

எல்லா விளையாட்டிலும் இப்படி இல்லை. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2015 ஏப்ரலில் அமெரிக்காவில் சந்தா டோக்கன் கொண்டுவந்தபோது 20 டாலருக்கு விற்றது. உள்ளே அதன் தொடக்க விலை 30,000 பொற்காசு. அங்கே விலையை ஏற்றி இறக்குவது நிறுவனத்தின் கணக்குப்பொறி. விற்பவருக்கு முதலில் காட்டிய விலை கட்டாயம் கிடைக்கும். வாங்கியவர் அதை மறுபடி விற்க முடியாது. ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டில் 2013 செப்டம்பரில் பாண்டு வந்தது. ஒன்றுக்குப் பதினான்கு நாள் உறுப்பினர் காலம். வாங்கியதை மறுபடி விற்பனைக்கு வைக்க வேண்டுமானால் மதிப்பில் பத்து சதவீதம் கட்ட வேண்டும். வார்கிராஃப்ட் கொள்முதல் நிலையத்து பாணி, ரூன்ஸ்கேப்பில் மறுவிற்பனைக்கு முட்டுக்கட்டை. ஈவ் முழுக்கத் திறந்த சந்தை. திறந்த சந்தை என்றால் ஆபத்தும் திறந்தே கிடக்கும். 2010இல் ஒருவர் கெஸ்ட்ரல் என்ற சின்னக் கப்பலில் 74 பழைய பிளெக்ஸை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் அடித்து நொறுக்கிவிட்டார்கள். ஆறு வருடத்துக்கு மேலான சந்தா ஒரு நிமிடத்தில் புகையாகிப் போனது. பையன் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான், ஏதோ ஊர்ச் சாவைச் சொல்வது போல.

சும்மா வந்ததா

கணக்குக்காரனாக எனக்கு முதலில் வந்த கேள்வி: இவன் கட்டவில்லை என்றால் யார் கட்டினார்கள்?

யாரோ ஒருவர் கட்டியிருக்கிறார். அப்போது 500 பிளெக்ஸின் விலை 19.99 டாலர், சந்தாவோ 14.99. எங்கோ சம்பளமுள்ள, நேரமில்லாத ஒருவர் இருபது டாலர் கொடுத்து வாங்கி, ஜிட்டாவில் விற்று, வந்த நூற்றைம்பது கோடியில் கப்பல் வாங்கிக்கொண்டார். நம் பையன் அந்த பிளெக்ஸை எடுத்துச் சந்தாவாக்கினான். நிறுவனத்துக்கு இவன் பேரில் வந்தது இருபது டாலர். இவனே நேராகக் கட்டியிருந்தால் பதினைந்துதான் வந்திருக்கும். "ஓசியில் ஆடுறவன்" என்று இவனை யாராவது சொன்னால் சிசிபிக்காரர்களே மறுப்பார்கள். அவர்களுக்கு இவன் ஐந்து டாலர் கூடுதலாகக் கொடுக்கும் வாடிக்கையாளர்.

இதில் புது ஐஎஸ்கே எதுவும் பிறப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பையன் கையில் இருந்தது அந்த ஆள் கைக்குப் போகிறது, அவ்வளவுதான். இவன் உழைத்ததை அவர் வாங்கிக்கொள்கிறார், அவர் கட்டிய காலத்தை இவன் எடுத்துக்கொள்கிறான். எங்கள் பக்கம் இதற்கு நெல் கூலி என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அறுத்தவருக்குக் காசு கிடையாது, களத்திலேயே நெல்லாக அளந்துவிடுவார்கள். ஒரு வித்தியாசம்: கூலி நெல்லைக் கடையில் போட்டு மீனும் எண்ணெயும் வாங்கலாம். பிளெக்ஸைப் பையன் ரூபாயாக்க முடியாது. களத்தில் வாங்கிய கூலியைக் களத்திலேயே உட்கார்ந்து தின்றாக வேண்டும்.

நோட்டு சொன்னது

2017 அக்டோபர் முதல் 2019 ஜனவரி வரை பதினாறு மாதம். அதில் பதினான்கு மாதம் ஒமேகா. பிளெக்ஸுக்காகச் செலவான ஐஎஸ்கே மொத்தம் 2,240 கோடி, மாதத்துக்குச் சராசரி 160. அதைச் சம்பாதிக்க ஆன நேரம் 684 மணி.

நேரத்தை அவன் இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தான். 'வே' என்றால் வேலை, 'வி' என்றால் விளையாட்டு. 684 என்பது 'வே' மட்டும்.

மூன்று வழியில் சம்பாதித்திருக்கிறான். பாறை வெட்டும் சுரங்க வேலையில் மணிக்கு 1.2 கோடி, 250 மணி உட்கார்ந்து 300 கோடி. கணினிப் பகைவர்களை அடித்து முடிக்கும் பணிகளில் மணிக்கு 4 கோடி. 350 மணியில் 1,400 கோடி. கிரகப் பண்ணைகளில் 84 மணியில் 540 கோடி. பண்ணை வேலை என்பது சில நாளுக்கு ஒருமுறை போய் எந்திரங்களை மறுபடி ஓடவிட்டு, விளைந்ததை அள்ளிவருவதுதான். மடை திருப்பிவிட்டு வருவது மாதிரி. மணிக்கு ஆறு கோடிக்கு மேல் விழுந்தது.

ரூபாயில் சொன்னால் பதினான்கு மாதச் சந்தா பதினான்காயிரம். 684 மணியால் வகுத்தால் மணிக்கு இருபது ரூபாய் ஐம்பது காசு. எட்டு மணி நேரத்துக்கு 164. அந்த வருடம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு உச்சக் கூலி 224. சுரங்க வேலையை மட்டும் எடுத்தால் மணிக்கு ஏழரை ரூபாய். எட்டு மணி நேரம் வெட்டினாலும் டீயும் வடையும் தவிர இரண்டு பேர் பஸ் காசுதான் தேறும். 250 மணி நேரத்தை அவன் எதற்காகப் பாறையில் போட்டான் என்று கேட்டேன். "அது ஒன்னும் செய்ய வேண்டாம் மாமா. கப்பலை நிறுத்திட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரலாம்" என்றான். சரி, அதுவும் ஒரு கணக்கு.

இந்த இருபது ரூபாய் ஐம்பது காசைப் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்து அவனிடம் காட்டினேன். அவன் ஒரே வரியில் கவிழ்த்துவிட்டான். "கைக்காசா இருந்தா நான் ஆயிரம் ரூபாய் கட்டியிருக்கவே மாட்டேன் மாமா. அப்ப நான் மிச்சம் பிடிச்சது ஆயிரம்னு எப்படிச் சொல்றீங்க?" நியாயம்தான். வாங்கவே போகாத பொருளின் விலையை மிச்சத்தில் எழுதக் கூடாது. பி.காம் படித்ததை வீண் என்று இனிமேல் நான் சொல்ல மாட்டேன்.

அதனால் ரூபாய்க் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு 'வே', 'வி' இரண்டையும் பார்த்தேன். அங்கேதான் கதை இருந்தது. 2017 ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆல்ஃபாவாக இருந்தபோது, பக்கத்துக்குப் பக்கம் 'வி'. பாறை வெட்டிய நேரத்தைக்கூட 'வி' என்றுதான் போட்டிருக்கிறான். ஒமேகா ஆன மாதத்திலிருந்து அதே பாறை 'வே' ஆகிவிட்டது. அந்தப் பதினாறு மாதத்தில் 'வி' மொத்தமே 212 மணி. பெரிய கப்பல் ஓட்டத்தான் ஒமேகா வாங்கினான். ஒமேகாவுக்குக் கட்டத்தான் பெரிய கப்பல் ஓட்டினான். குத்தகைக்கு நிலம் எடுத்தவன் குத்தகை நெல் அளப்பதற்காகவே உழுவது போல.

காலம் மாறி விழுந்தது

இதற்கு மேல் ஒரு பிசகும் இருந்தது. இது டெல்டாக்காரனுக்கே உரியது. ஆறும் அணையும் தெரியாதவர்கள் இந்த நோட்டைப் பார்த்தால் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

மேட்டூர் அணை ஜூன் 12 திறக்க வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். 2017இல் தண்ணீர் இல்லை. குறுவை கிடையாது. நான்கு மாதம் வயலில் வேலையே இல்லாமல் கிடந்த பையனுக்குத் தஞ்சாவூர் நண்பன் ஒருவன் இந்த விளையாட்டைக் காட்டினான். இலவசக் கணக்கில், வெஞ்சர் என்ற குட்டிக் கப்பலை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வெட்டி வெட்டிச் சேர்த்தான். முதல் நூற்றைம்பது கோடி சேர்ந்து ஒமேகா ஆனது அக்டோபர் 5.

அணை திறந்தது அக்டோபர் 2.

தண்ணீர் வயலுக்கு வந்ததும் உழவு, நேரடி விதைப்பு, உரம், களை. காலை ஆறு மணிக்கு வெளியே போனால் இரவு சாப்பிட்டுவிட்டு விழத்தான் தெம்பு. அந்த முதல் ஒமேகா மாதத்தில் நோட்டில் மொத்தம் ஒன்பது மணி நேரம். நான்கு மாதம் காயவைத்துச் சேர்த்த காலத்தை ஈரத்தில் கொட்டிவிட்டான். சம்பாதிக்க நேரம் இருக்கும் பருவம் ஒன்று, செலவழிக்க நேரம் இல்லாத பருவம் இன்னொன்று. சந்தாவோ நாள்காட்டிப்படி ஓடுகிறது. சம்பா அறுவடையில் 2018 ஜனவரியிலும் இதே கதைதான். அப்பாயி காதில் விழுந்த அந்தப் பன்னிரண்டு கோடிக் குறை அப்போது வந்தது.

தினமும் மாலை நாலரை மணிக்கு சர்வர் சில நிமிடம் நிற்கும். சர்வர் இருப்பது லண்டனில். அங்கே கிரீன்விச் கணக்குக்குப் பகல் பதினொன்று. வீட்டில் இருக்கும் நாளில் பையன் அந்த நேரத்தில்தான் எழுந்து டீ குடிப்பான். "நாலரை ஆச்சு, கப்பல்காரன் வெளிய வந்துட்டான்" என்று அப்பாயி சொல்வது வீட்டில் வழக்காகிவிட்டது.

கஜா

2018 நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி முடிந்து ஐந்து நாள். பையன் இரண்டு தடவையாக 500, 500 வாங்கி அறுபது நாளுக்கு ஒமேகா போட்டான். விலை அதற்குள் 36 லட்சம். மொத்தம் 360 கோடி, கையிருப்பு முழுவதும்.

16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரை ஏறியது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வரை தென்னை எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. மின்கம்பங்கள் வரிசையாக முறிந்து விழுந்தன. இவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரை போய்விட்டது, கொல்லையில் பதினொரு தென்னை. கரண்டு வந்தது இருபத்து நான்காம் நாள்.

அறுபதில் இருபத்து நான்கு. விளையாட்டுக்குள் கிரகப் பண்ணைகள் ஓடி முடிந்து நின்றுபோயிருந்தன. சந்தா நாள் மட்டும் இருட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. 360 கோடியில் 144 கோடி இந்தக் கணக்கில் போச்சு என்று எழுதிவிட்டேன்.

இங்கேயும் என்னைத் திருத்தினான். ஈவில் திறன் கற்பது ஆள் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிஜ நேரத்தில் ஓடும். வரிசையாகப் போட்டு வைத்துவிட்டால் போதும். புயலுக்கு முன் அவன் கால்டாரி போர்க்கப்பல் ஐந்தாம் நிலையைப் போட்டிருந்தான், ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும் பாடம். கைபேசிக்கு சிக்னல் திரும்பிய அன்று, ஜெனரேட்டர் வைத்திருந்த கடை ஒன்றில் சார்ஜ் போட்டுக்கொண்டு பார்த்தால் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. "எங்க வீட்டுல அந்த மாசம் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான் மாமா" என்றான். 144 கோடியை நான் நட்டத்திலிருந்து அடித்துவிட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். இன்றுவரை அந்தக் கேள்விக்குறி அப்படியே இருக்கிறது.

களம், பத்தாயம், சோறு

உண்மையான நட்டம் வேறு இடத்தில் இருந்தது. அது நோட்டில் தனி வரியாக எங்கேயும் இல்லை.

2018 பிப்ரவரியில், அறுவடை முடிந்து ஓய்வாக இருந்தபோது, பணிகளில் இறங்கி 300 கோடி சேர்த்துவிட்டான். உடனே பிளெக்ஸ் வாங்கவில்லை. "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று ஐஎஸ்கேயாகவே வைத்திருந்தான். மாதா மாதம் உழைத்ததில் அந்தந்த மாதச் சந்தாவைக் கட்டிக்கொண்டே, இந்த 300ஐத் தொடாமல் நவம்பர் வரை வைத்திருந்து, மேலே 60 போட்டு, மேலே சொன்ன 360ஐக் கட்டினான். பிப்ரவரியில் 30 லட்ச விலைக்கு 300 கோடி என்றால் ஆயிரம் பிளெக்ஸ். நவம்பரில் 36 லட்சத்துக்கு 833. சும்மா வைத்திருந்ததற்கு 167 பிளெக்ஸ் அபராதம், அதாவது பத்து நாள் ஒமேகா. யாரும் அடிக்கவில்லை, கப்பல் நொறுங்கவில்லை. பையில் இருந்தபடியே கரைந்தது.

இதை அப்பாயிக்குப் புரியும்படி சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிப் பார்த்தபோதுதான் எனக்கே சரியாகப் புரிந்தது. ஐஎஸ்கே களத்து நெல். மழைக்கும் எலிக்கும் பயந்துகொண்டு கிடப்பது, நாளாக ஆக எடை குறைவது. பிளெக்ஸ் பத்தாயத்து நெல். வெளியே விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரு மாத பிளெக்ஸ் ஒரு மாத பிளெக்ஸ்தான். எடுத்துச் சந்தாவாக்கும் வரை அதில் ஒரு நாள்கூட ஓடாது. ஒமேகா வடித்த சோறு. வடித்துவிட்டால் இன்றைக்குச் சாப்பிட்டாக வேண்டும், விருந்தாளி வராவிட்டாலும், புயலே வந்தாலும்.

பையன் களத்திலேயே நெல்லை விட்டுவைத்தான். அள்ளியதும் பத்தாயத்தில் போடாமல் நேராக உலையில் கொட்டினான், அதுவும் வீட்டில் சாப்பிட ஆள் இல்லாத மாதத்தில். அப்பாயி கேட்டுவிட்டு, "இதுக்கு எதுக்குடா காலேஜு" என்றார்.

பத்தாயத்தில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத மாட்டேன். பிளெக்ஸ் விலை இறங்கவும் செய்யும். இறங்கும் நேரத்தில் சேர்த்து வைத்தவன், கூட இரண்டு மாதம் பொறுத்திருந்தால் குறைந்த ஐஎஸ்கேக்கு வாங்கியிருக்கலாமே என்று வயிறு எரிவான். ஆனால் ஊகம் செய்து லாபம் பார்க்கிறவனுக்குத்தான் அந்த எரிச்சல். சந்தா கட்ட மட்டும் வாங்குகிறவனுக்கு எத்தனை மாதம் கையில் இருக்கிறது என்பதுதான் பேச்சு.

மாற்றிப் பார்த்தது

2019 பிப்ரவரியிலிருந்து இருவரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். ஏற்பாடு என்று சொல்வதே பெரிய வார்த்தை. விதைப்பு, களை, அறுவடை மாதங்களில் ஒமேகா கிடையாது. இலவச ஆல்ஃபாவாக இருந்துகொள்வது. அந்த வரம்புக்கு மேல் கற்ற திறன்கள் அழிவதில்லை, பயன்படாமல் தூங்கும், சந்தா வந்ததும் எழுந்துகொள்ளும். கிரகப் பண்ணைகள் அதுவரை கிடக்கும். ஐஎஸ்கே எப்போது பத்துக் கோடி சேர்ந்தாலும் அன்றைக்கே பிளெக்ஸாக மாற்றிப் பெட்டகத்தில் வைப்பது. துண்டு துண்டாக வாங்க முடியும் என்பதுதான் 2017 மாற்றத்தால் வந்த நிஜமான நன்மை. பழைய முறையில் முழு மாதத்துக்கும் சேரும் வரை களத்தில் காவல் இருக்க வேண்டும்.

அந்த வருடம் அணை ஆகஸ்ட் 13 திறந்தது. பிப்ரவரி நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஆறு மாதம் ஒமேகா. பிறகு நிறுத்திவிட்டான். 'வே' 190 மணி, 'வி' 240. நோட்டு தொடங்கியதிலிருந்து முதல் முறையாக ஒமேகா காலத்தில் 'வி' பெரிதாக இருந்தது. பாறை வெட்டுவதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டு, பண்ணையும் பணிகளும் மட்டும்.

நடுவில் ஒரு சோதனை வந்தது. முகம் தெரியாத ஒருவர் செய்தி அனுப்பினார். ஐஎஸ்கேயை ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறேன், கைபேசியிலேயே பணம் வந்துவிடும் என்று. பையன் என்னைக் கேட்டான். நான் விதிகளைப் படிக்கச் சொன்னேன். வெளியே காசுக்கு விற்பதும் வாங்குவதும் தடை. பிடிபட்டால் கணக்கே போகும். பிளெக்ஸ் என்ற ஏற்பாடே இந்தக் கள்ளச் சந்தையின் வயிற்றில் அடிக்க வந்ததுதான். அவன் பதில் போடவில்லை. ஆனால் தொகையைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தான், அதை மறைக்காமல் நோட்டின் ஓரத்திலும் எழுதியிருக்கிறான். எனக்கு அது பிடித்திருந்தது.

2020 ஜூன்

மார்ச்சில் ஊரடங்கு. எல்லோரும் வீட்டில். நோட்டில் 'வி' பொங்கி வழிகிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஜூன் 12 அன்று, பல வருடத்துக்குப் பிறகு சொன்ன தேதியில் மேட்டூர் திறந்தார்கள். பாமணி ஆற்றில் தண்ணீர் வரும் முன்பே ஊரில் குறுவைப் பேச்சு. பையனும் ஆறு மாவிலும் குறுவை போடுவதென்று இறங்கினான், விதைக்கு ஆடுதுறை 43.

அந்த வாரம் நான் போனபோது ஒமேகாவை நிறுத்திவிட்டிருந்தான். பெட்டகத்தில் 1,500 பிளெக்ஸ், கைவசம் 40 கோடி ஐஎஸ்கே. நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து வேறு கணக்கு எழுதத் தொடங்கியிருந்தான்: விதை, யூரியா, டிராக்டர். டிராக்டர்காரர் முன்பணம் கேட்டு வாசலில் நின்றார். கையில் இல்லை. என்னிடம் கேட்கச் சங்கடப்பட்டு உள்ளே போய்விட்டான்.

அப்பாயி என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ஏன் தம்பி, அந்தக் கோடியில ஒரு நாலாயிரம் மட்டும் எடுத்து இந்த ஆளுக்குக் குடுக்கச் சொல்லேன்."


நான் சட்டைப் பையில் கையை விட்டேன்.